எதிர்வீட்டுத் துட்டியும் வெடித்த கடிகாரமும்

*குழு: கொக்கிரகுளம் குடும்பம்*

*செவ்வாய்*

அகிலா (போல்டன், இங்கிலாந்து): பெரியப்பா, முழிச்சிருக்கீங்களா? அவசரமா ஒரு சந்தேகம்

அகிலா: எதிர்வீட்டுத் தாத்தாவோட தம்பி இப்ப வாசல்ல பாத்தாரு. "ஹீ ஹேஸ் பாப்ட் ஹிஸ் க்ளாக்ஸ்"னு லேசா சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. ஏதோ கடிகாரம் ரிப்பேர் போலன்னு நானும் "பேட்டரி மாத்திப் பாத்தீங்களா"ன்னு கேட்டுட்டேன்

அகிலா: அவர் முகம் போன போக்கு!

சித்தப்பா: அலாரம் வெடிச்சிட்டோ 😂

பெரியப்பா: அம்மாடி, அது கடிகாரம் இல்லை. க்ளாக் என்பது மரக்கட்டை அடிப்பாகம் வைத்த செருப்பு. உங்கள் லங்காஷயர் பக்கம் பஞ்சாலைத் தொழிலாளிகள் போட்டது.

பெரியப்பா: அப்படிச் சொன்னால் ஆள் இறந்துவிட்டார் என்று பொருள்.

அகிலா: ஐயையோ

சித்தப்பா: _இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

அத்தை: ஏட்டி, உன் மவனுக்கு சைக்கிள் செயின் மாட்டிக் குடுப்பாருன்னு சொல்லுவியே, அந்தத் தாத்தாவா?

அகிலா: அவரேதான் அத்தை. நேத்து ஆம்புலன்ஸ் வந்தப்போ நான் வேலைக்குப் போயிருந்தேன், தெரியவே இல்ல

அத்தை: பாவமே. எப்ப எடுக்காவளாம்?

அகிலா: இன்னும் தேதி வைக்கல. இங்க ரெண்டு வாரம், மூணு வாரம்கூட ஆகும்

அத்தை: மூணு வாரமா!! அதுவரை அந்த வீட்ல அடுப்பு பத்த வைக்க மாட்டாவளா?

சித்தப்பா: அது கெடக்கட்டும். சொந்த அண்ணன் செத்ததுக்கு "மண்டையப் போட்டுட்டான்"னா சொல்லுவான் ஒருத்தன்?

பெரியப்பா: சரியாகப் பிடித்தாய். அதே எடைதான். "கிக் தி பக்கெட்" என்பதும் அந்த ஜாதி. 1785-இல் வந்த கொச்சைச்சொல் அகராதியிலேயே அது இருக்கிறது. பக்கெட் என்றால் தண்ணீர் வாளி இல்லை, அறுத்த பன்றியைத் தொங்கவிடும் உத்தரம் என்று ஒரு விளக்கம் உண்டு.

பெரியப்பா: ஆனால் தம்பி சொல்லலாம், அகிலா சொல்லக்கூடாது. அவர் சிரித்ததை வைத்துத் துக்கம் இல்லை என்று நினைத்துவிடாதே. அழுகை முட்டும்போது முதலில் துடிப்பது உதடு. அதைத் துடிக்கவிடாமல் வைத்திருப்பதைத்தான் "ஸ்டிஃப் அப்பர் லிப்" என்று பெருமையாகச் சொல்வார்கள். வாசலில் நின்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அழ முடியுமா அந்த மனுஷனால்?

சித்தப்பா: நம்ம ஆளுக மாதிரி ஒரு குரல் அழுதுட்டா லேசாயிரும். இது என்ன கொடுமை

அகிலா: பாட்டி எப்படி இருக்காங்கன்னு கேட்டதுக்கு "பேரிங் அப்"னாரு

மாமா (பட்டறை): எந்த சைஸ் பேரிங்மா?

அத்தை: நீங்க சும்மா இருங்க

பெரியப்பா: தாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். பாரத்தைத் தாங்குவது.

மாமா (பட்டறை): நம்ம பேரிங்கும் பாரம் தாங்கத்தான அத்தான். நான் ஒண்ணும் தப்பாக் கேக்கல

அகிலா: 📷 _புகைப்படம்_

அகிலா: கார்டு வாங்கிட்டேன். முன்னாடி வெள்ளை லில்லி, உள்ள வெறும் வெள்ளை. என்ன எழுதன்னு தெரியல. "இந்தத் தெருவுக்கே ஈடு செய்ய முடியாத இழப்பு, ஆன்மா சாந்தியடையட்டும்"ங்கிறதை இங்கிலீஷ்ல போடட்டா?

சித்தப்பா: அப்படியே ஒரு ஃபிளெக்ஸும் அடிச்சி முக்குல கட்டிரு. "கண்ணீருடன், கொக்கிரகுளம் குடும்பத்தார்"

பெரியப்பா: "ஐயாம் ஸோ சாரி ஃபார் யுவர் லாஸ்" போதும். பிறகு சொந்தமாக ஒரு வரி.

சித்தப்பா: லாஸுன்னா கடையில யாவாரம் படுத்த மாதிரில்லா இருக்கு

அத்தை: அவ என்ன தப்பு பண்ணுனா, சாரி கேக்கதுக்கு?

பெரியப்பா: இழப்பு என்று நம் போஸ்டரில் போடுகிறோமே, அதேதான் லாஸ். சாரிதான் முக்கியமானது. மன்னிப்பு என்பதெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்ட அர்த்தம். பழைய ஆங்கிலத்தில் புண்ணுக்கு உள்ள சொல்லிலிருந்து வந்தது அது. இன்றைக்கும் "சோர்" என்றால் புண்தானே. என் மனசும் புண்ணாக இருக்கிறது என்கிறாய், அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷம் பாடம் எடுத்தேன், இதை மட்டும் எந்த வகுப்பிலும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அத்தை: அந்தம்மா கறுப்புதான் உடுத்தியிருக்காவளா? சினிமாவுல அப்படித்தான காட்டுதான்

அகிலா: இல்ல அத்தை. ஜன்னல்ல பாத்தேன். தாத்தாவோட பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. கை நீளம்னு ரெண்டு மடிப்பு மடிச்சி விட்டிருந்தாங்க

பெரியப்பா: முன்பு கட்டாயம் கறுப்புதான். "விடோஸ் வீட்ஸ்" என்பார்கள். களை இல்லை, உடுப்புக்கு உள்ள பழைய சொல். விக்டோரியா ராணி 1861-இல் புருஷன் இறந்ததும் கறுப்புக்கு மாறி, 1901-இல் சாகும்வரை கழற்றவே இல்லை.

அத்தை: அங்க கறுப்பு, இங்க வெள்ளை. எங்க போனாலும் பொம்பள உடுப்பத்தான மாத்துதாவ. எங்க வீட்டுக்காரரு போன அன்னைக்கு அவரு சட்டைய நான் எடுத்து வச்சிக்கிட்டேன். யாரும் பாக்கல

சித்தப்பா: 🙏

மாமா (பட்டறை): _பலமுறை அனுப்பப்பட்டது:_ இனிய மாலை வணக்கம் 🌹 இன்றைய நாள் இனிய நாளாக

பெரியப்பா: மாப்பிள்ளை, கொஞ்சம் பார்த்து அனுப்பு.

*புதன்*

அகிலா: கார்டைக் குடுத்துட்டேன். பெரியப்பா சொன்ன வரிதான். கீழ, "எங்க சைக்கிள் செயின் கழண்டா என் பையன் இன்னும் உங்க வீட்டைத்தான் பாக்குறான்"னு எழுதினேன். படிச்சிட்டு என் கையைப் பிடிச்சிக்கிட்டாங்க. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல

அத்தை: துட்டி வீட்ல போய்ட்டு வாரேன்னு சொல்லிராதன்னு சொல்ல மறந்துட்டேன் பாத்துக்கோ

அகிலா: ஐயோ, பழக்கதோஷத்துல "சீ யூ லேட்டர்"னு சொல்லிட்டேனே

அத்தை: ஏட்டி! அதுக்கு என்ன சொன்னாவ?

அகிலா: "டோன்ட் பி எ ஸ்ட்ரேஞ்சர்"னாங்க

அத்தை: அண்ணே, அப்படின்னா? ஏசுதாவளா?

பெரியப்பா: அந்நியமாக இருக்காதே, அடிக்கடி வந்து போ என்கிறாள்.

அத்தை: அப்ப நாளைக்கே நாலு இடியாப்பம் அவிச்சி கொண்டு போ. சொதிக்கு மிளகாய் கீறிப் போடாத, அவுக தாங்க மாட்டாவ