ஆங்கிலத்தில் வேப்பமரம் ஏன் சிறப்புப்பெயர் ஆவதில்லை?

கேள்வி: பெரம்பூர்வாசி

வணக்கம். என் மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். காமன் நவுன், ப்ராப்பர் நவுன் இரண்டையும் பிரித்து எழுதும் பயிற்சியில் 'ட்ரீ' என்பதைக் காமன் நவுன் பக்கமும் 'நீம்' என்பதைப் ப்ராப்பர் நவுன் பக்கமும் எழுதியிருக்கிறாள். 'பேர்ட்', 'உட்பெக்கர்' ஆகியவற்றையும் அப்படியே பிரித்திருக்கிறாள். தவறு என்று சொன்னால், மரம் பொதுப்பெயர், மா சிறப்புப்பெயர். பறவை பொதுப்பெயர், மரங்கொத்தி சிறப்புப்பெயர் என்றுதானே தமிழ் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று திருப்பிக் கேட்கிறாள். அவளுக்கு எப்படி விளக்குவது? மேலும், 'மண்டே' என்பதற்குப் பெரிய எழுத்து போடும் ஆங்கிலம் 'சம்மர்' என்பதற்கு ஏன் போடுவதில்லை என்பதும் எனக்குப் பிடிபடவில்லை.

பதில் 1: வேளச்சேரிக்காரர்

இதற்கு எளிய வழி இருக்கிறது. வாக்கியத்தின் நடுவில் ஒரு சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது ப்ராப்பர் நவுன். இல்லையென்றால் காமன் நவுன். பள்ளித் தேர்வுக்கு இதுவே போதும்.

பதில் 2: ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்

மேலே நண்பர் சொன்ன வழி அவசரத்துக்கு உதவலாம். ஆனால் தேர்வில் காலை வாரிவிடும். 'இந்தியன் ஃபுட்' என்னும்போது 'இந்தியன்' பெரிய எழுத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் அங்கே அது பெயர்ச்சொல்லே அன்று, பெயரடை. தவிர, சொற்களையெல்லாம் சிறிய எழுத்தில் அச்சிட்டு, பெரிய எழுத்து எங்கே வரவேண்டும் என்று மாணவரையே கேட்கும் வினாக்களும் உண்டு. எழுத்தைப் பார்த்துப் பெயரை முடிவு செய்யப் பழகிய பிள்ளை அங்கே என்ன செய்யும்?

அம்மா, உங்கள் மகள் தமிழ்ப் பாடத்தை நன்றாகவே படித்திருக்கிறாள். நன்னூல் வழிவந்த நம் பாடநூல்களில், பல வகைகளுக்கும் பொதுவாக வருவது பொதுப்பெயர். அவற்றுள் ஒரு வகையை மட்டும் குறிப்பது சிறப்புப்பெயர். மரம் என்பது மா, வேம்பு, பனை எல்லாவற்றுக்கும் பொது. வேம்பு என்பது அவற்றில் ஒரு வகை. அந்தக் கணக்கில் அவள் எழுதியது சரி. ஆங்கில இலக்கணமோ கோட்டை வேறோர் இடத்தில் போடுகிறது. அங்கே வகை எவ்வளவு குறுகியதாக இருந்தாலும், அது வகையின் பெயராக இருக்கும்வரை காமன் நவுன்தான். ஓர் ஆளுக்கோ ஊருக்கோ ஆற்றுக்கோ அதற்கே உரியதாக இட்டு வழங்கும் பெயரே ப்ராப்பர் நவுன்.

அவளிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். தெருவோரத்தில் யாரும் நடாமல் ஒரு வேப்பங்கன்று தானாக முளைத்திருக்கிறது. அதை வேம்பு என்று சொல்ல யாராவது அதற்குப் பெயர் வைக்க வேண்டுமா? வேண்டியதில்லை, இலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தையின் முகத்தைப் பார்த்து அதன் பெயர் குமார் என்று சொல்ல முடியுமா? பெயர் வைத்த பிறகுதான் அது குமார். ஒரே வகுப்பில் மூன்று குமார்கள் இருக்கிறார்களே, அது எப்படிப் ப்ராப்பர் நவுன் ஆகும் என்று அவள் அடுத்தபடியாகக் கேட்பாள். பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். மூவருக்கும் தனித்தனியாக வைத்த பெயர் ஒன்றுபோல அமைந்துவிட்டது, அவ்வளவுதான். குமார் என்றொரு மனித வகை இல்லை.

பதில் 3: மெய்ப்புத் திருத்துநர், திருவல்லிக்கேணி

ஆசிரியர் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். கிழமைக்கும் பருவத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பெரிய தத்துவம் எதையும் தேட வேண்டாம். கிழமை, மாதம், பண்டிகை ஆகியவற்றைப் பெயராகவும் பருவங்களைப் பொதுச்சொல்லாகவும் ஆங்கிலம் நடத்துகிறது. அது வழக்கு, அப்படியே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

உண்மையில் தடுமாற்றம் வருவது, பொதுச்சொல் ஒன்று பெயருக்குள் போய் உட்காரும்போது. 'பீச்' தனியே வந்தால் காமன் நவுன்; 'மெரினா பீச்' என்று வந்தால் அது பெயரின் பகுதி, ஆகவே இரண்டு சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்கும். 'மெரினா' என்பதே ஆங்கிலத்தில் உல்லாசப் படகுகளை நிறுத்தும் சிறு துறையைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவும் இருக்கிறது. 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் நம் கடற்கரைக்குச் சூட்டியதால் இங்கே அது ப்ராப்பர் நவுன் ஆயிற்று.

ப்ராப்பர் நவுனுக்கு முன் 'தி' வராது என்று ஒரு விதி சொல்வார்கள். அதையும் அளவோடுதான் நம்ப வேண்டும். அடையாறு பகுதியில் குடியிருப்பதை எழுதும்போது 'இன் அடையார்' என்போம், 'தி' கிடையாது. அதே பெயர் ஆற்றைக் குறித்தால் 'தி அடையார்' என்றாகிவிடும். அது போய்ச் சேரும் வங்கக் கடலும் 'தி பே ஆஃப் பெங்கால்' தான். ஆறு, கடல், மலைத்தொடர் ஆகியவற்றின் பெயர்களுக்கு முன் 'தி' வருவது இயல்பு.

பெரம்பூர்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. வேப்பங்கன்றும் குமாரும் அவளுக்கு உடனே புரிந்துவிட்டன. இப்போது 'பொங்கல்' எந்தப் பக்கம் என்று கேட்கிறாள்.

மெய்ப்புத் திருத்துநர், திருவல்லிக்கேணி:

நல்ல கேள்வி. பண்டிகை என்றால் ப்ராப்பர் நவுன், பெரிய எழுத்து. மிளகும் நெய்யும் மணக்கத் தட்டில் வரும் வெண்பொங்கல் என்றால் காமன் நவுன், சிறிய எழுத்து. 'வி ஏட் பொங்கல் ஆன் பொங்கல்' என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். முதலில் வருவது சிறியது, பின்னால் வருவது பெரியது. பாடவேளைகளைப் பற்றி வாக்கியத்தில் எழுதும்போதும் இதே கவனம் தேவை. தமிழ், இங்கிலீஷ் என்னும் மொழிப்பெயர்களுக்குப் பெரிய எழுத்து உண்டு. மேத்தமேட்டிக்ஸ், சயன்ஸ் ஆகியவற்றுக்குப் பொதுவாக இல்லை.