பனியன் கம்பெனிக்கு ஐபி கேமரா: 32 வேணுமா, 14 போதுமா?

பனியன்காரன்_திருப்பூர்
வணக்கம்ங்க. திருப்பூர்ல சின்னதா ஒரு பனியன் கம்பெனி ஓட்டிட்டு இருக்கேன். கீழ துணி குடோனும் கட்டிங்கும், முதல் மாடில ஸ்டிச்சிங், ரெண்டாவது மாடில செக்கிங் அயர்னிங் பேக்கிங், ஆளுக கிட்டத்தட்ட 90 பேர். எங்கப்பா காலத்துல போட்ட 8 கேமரா இருக்குது, பழைய அனலாக், 1 டிபி டிஸ்க் போட்ட டிவிஆர் (ரெக்கார்டர்), ஆறு நாளைக்கு மேல ஒண்ணும் நிக்காது.

பிரச்சனை ரெண்டுங்க. ஒண்ணு, சரக்கு கப்பல்ல போய் எறங்கி நாப்பது அம்பது நாள் கழிச்சு பையர் ஆபீஸ்லருந்து மெயில் வரும், கார்ட்டன் நம்பர் இன்னதுல 4 பீஸ் கம்மி, இன்னதுல சைஸ் மாறிப்போச்சுன்னு, கூடவே டெபிட் நோட்டும் வந்துரும். நாங்க சரியாத்தான் போட்டோம்னு காட்ட கைல ஒண்ணுமே இருக்காது. ரெண்டாவது, காம்பாக்டிங்லருந்து (துணி சுருங்காம இருக்க அமுக்கிக் குடுக்கற எடம்) ராத்திரி பத்து பதினொண்ணுக்கு குட்டியானைல (சின்ன லோடு வண்டி) துணி வரும், டிசில (டெலிவரி சலான்) 42 ரோல்னு இருக்கும், காலைல எண்ணுனா 41. வாட்ச்மேன் பதினஞ்சு வருசமா எங்ககூட இருக்கறவரு, அவர்மேல சந்தேகப்பட மனசு வரல. கேமராவுல பாத்தா வெள்ளையா ஏதோ ஒரு உருவம் வருது, போகுது, அவ்ளோதான்.

இப்ப ஒரு டீலர் வந்து 32 ஐபி கேமரா (நெட்வொர்க்ல ஓடற புது வகை), ஏஐ, மூஞ்சியை அடையாளம் கண்டுபிடிக்கறது எல்லாம் சேத்து நாலு லட்சத்துக்கு கிட்ட கொட்டேஷன் குடுத்துட்டு போயிருக்காரு. மச்சான் என்னடான்னா அதெல்லாம் எதுக்கு, மெமரி கார்டு போட்ட வைஃபை கேமரா பத்து வாங்கி மாட்டுன்னு சொல்றான். எதைக் கேக்கறதுன்னே தெரியல. போட்டு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஈரோடு_கேமராக்காரன்
பதினோரு வருசமா இதே பொழப்புதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கங்க.

எத்தனை கேமரான்னு கேக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து, ஒவ்வொரு எடத்துலயும் அந்த கேமராவுல எனக்கு என்ன தெரியணும்னு எழுதுங்க. ஆள் நடமாட்டம் தெரிஞ்சா போதுமா, யாருன்னு மூஞ்சி தெரியணுமா, இல்ல கைல இருக்கற பீஸை எண்ணணுமா, மூணும் வேற வேற வேலை. எங்க கணக்குல ஒரு ஆள் இன்னாருன்னு சந்தேகமில்லாம அடையாளம் சொல்லணும்னா படத்துல ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்ஸல் விழணும். 4 மெகாபிக்ஸல் கேமராவோட படம் 2560 பிக்ஸல் அகலம், ஆக பத்து மீட்டர் அகலம் வரைக்கும்தான் தாங்கும். எல்லாரும் மாட்டற 2.8 எம்எம் லென்ஸ் நல்லா விரிஞ்சு பாக்கும், அதுல நாலு மீட்டரைத் தாண்டுனாலே அந்தப் பத்து மீட்டர் அகலம் வந்துரும். அதுக்கு அப்பால நிக்கறவன் ஆள்தான்னு தெரியும், யாருன்னு தெரியாது. உங்க கேட்டுல கேமரா பதினஞ்சு அடி உசரத்துல இருக்கும்னு நினைக்கறேன், அங்கிருந்து பாத்தா தலையும் துண்டும்தான் தெரியும். ஏழெட்டு அடி உசரத்துல, குடோன் வாசலைப் பாத்த மாதிரி, 6 எம்எம் லென்ஸ்ல ஒண்ணு வைங்க, வர்றவன் போறவன் மூஞ்சி நேரா விழும்.

அந்த வெள்ளை உருவம் எதனாலன்னா, கேமராவோட ஐஆர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு) வெளிச்சம் பக்கத்துல வர்ற ஆள்மேல அடிச்சு வெளுத்துப்போகுது. குடோன் வாசல்ல ராத்திரி முழுக்க ஒரு எல்இடி லைட்டை எரிய விட்டுட்டு ஐஆரை ஆஃப் பண்ணிப் பாருங்க, பாதி பிரச்சனை செலவில்லாம தீந்துரும். ஐஆர் எரிஞ்சா பூச்சி வரும், பூச்சி வந்தா எட்டுக்கால் பூச்சி வந்து லென்ஸ் முன்னாடியே வலை கட்டும், அப்பறம் வலை ஆடறப்பல்லாம் போனுக்கு அலர்ட் வந்துட்டே இருக்கும். மூணாவது நாள் நீங்களே அலர்ட்டை ஆஃப் பண்ணிருவீங்க. பாக்காத கம்பெனியே இல்ல.

ஸ்டிச்சிங் ஹால்ல கண்ணாடிக் கூண்டு போட்ட டோம் கேமரா வேண்டாம். பஞ்சு படிஞ்சு ஒரே மாசத்துல மங்கிரும், ராத்திரி ஐஆர் அந்தத் தூசில பட்டு பனிமூட்டம் மாதிரி காட்டும். டரட் டைப் (கண்ணாடிக் கூண்டு இல்லாத உருண்டை) போடுங்க, வாரத்துக்கு ஒருதடவை துணி வச்சுத் தொடைக்கச் சொல்லுங்க, துணிக்கா உங்ககிட்ட பஞ்சம்.

வயர் விசயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். பிஓஈ ஸ்விட்ச் போட்டா ஒரே கேபிள்ல கரண்டும் டேட்டாவும் போயிரும், சாதா பிஓஈல ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் குடுக்கும், சாதாரண கேமராவுக்கு அது தாராளம். ஆனா சுத்தமான காப்பர் கேட்6 நெட்வொர்க் கேபிள் வாங்குங்க. அலுமினியத்துமேல காப்பர் முலாம் பூசின கேபிளை பாதி வெலைக்கு தருவாங்க, தூரமா இழுத்தா கரண்டு எறங்கிப்போய் ராத்திரி ஐஆர் எரியறப்ப கேமரா ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வரும். 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. பக்கத்து பில்டிங்குக்குப் போகணும்னா ஃபைபர் இழுத்துருங்க, ஐப்பசி மாச இடி காப்பர் கேபிள் வழியா வந்து ஸ்விட்சு, என்விஆர் (ஐபி கேமராவுக்கான ரெக்கார்டர்) எல்லாம் சேந்து போனதை எத்தனையோ எடத்துல பாத்திருக்கேன்.

மச்சானுக்கு ஒரு வார்த்தை: கேமராவை கழட்டிட்டுப் போறவன் மெமரி கார்டையும் சேத்துத்தான் கொண்டுபோவான்.

மளிகைக்கடை_மதுரை
அண்ணே நான் கேமரா எக்ஸ்பர்ட்லாம் கெடையாது, ரெண்டு சூப்பர் மார்க்கெட் வச்சிருக்கேன். திருடனைப் புடிக்கணும்னுதான் போட்டேன், திருடனை புடிச்சது மொத்தமே நாலஞ்சு தடவை, அதுல ரெண்டு பேரு சாக்லேட் எடுத்த சின்னப்பயலுக. ஆனா எதுக்குப் பிரயோசனப்பட்டுச்சுன்னா, சாயங்காலம் ஆறுலருந்து எட்டு வரைக்கும் பில் கவுண்டர்ல க்யூ நிக்கிறதைப் பாத்துட்டு சனம் கூடையை கீழ வச்சுட்டு கெளம்பிப் போயிருதுன்றது கேமராவைப் பாத்தப்பதேன் தெரிஞ்சுச்சு. நான் அந்நேரம் கல்லால உக்காந்திருப்பேன், தலை நிமிரவே முடியாது, எங்க தெரியும். ஆறு மணிக்கு மூணாவது கவுண்டரைத் தொறந்தேன், அம்புட்டுத்தான்.

இன்னொண்ணு, காலைல அஞ்சு மணிக்கு பின்வாசல்ல பால் ட்ரே எறங்கும்ல, அந்த எடத்துக்கு ஒரு கேமரா வச்சு, ட்ரேயை ஒவ்வொண்ணா கேமராவுக்கு முன்னாடி வச்சுத்தேன் உள்ள எடுக்கணும்னு பழக்கிட்டேன். கேமரா வந்து எண்ணாதுண்ணே, எண்ணுற மாதிரி சரக்கை நாமதேன் எறக்கணும். உங்க ரோல் கதையும் அதேதான்னு எனக்குத் தோணுது. டிரைவரும் வாட்ச்மேனும் சேந்து கேமராவுக்குக் கீழ ஒரு ரோல் ஒரு ரோலா தராசுல வச்சு எறக்குனா குடோன்ல கொறையுதா, வர்றப்பவே கொறைச்சலா வருதான்னு ஒரே வாரத்துல தெரிஞ்சுபோகும். பாவம் அந்த மனுசன் மேல பழி விழாம இருக்கும்.

பாஸ்வேர்ட்_மாத்துனியா
எல்லாரும் கேமராவைப் பத்தியே பேசறீங்க, அது உங்க நெட்வொர்க்குல ஒக்காந்திருக்கற ஒரு குட்டி கம்ப்யூட்டர்ங்கறதை யாருமே சொல்லல. 2016ல மிராய்னு ஒரு வைரஸ், ஃபேக்டரில போட்ட பாஸ்வேர்டை மாத்தாம விட்ட கேமரா, டிவிஆர், ரவுட்டர்னு தேடித்தேடி லட்சக்கணக்குல புடிச்சு அதுகளை வச்சே அந்த வருசம் அக்டோபர்ல டைன்னு (Dyn) ஒரு டிஎன்எஸ் கம்பெனியை (வெப்சைட் பேரை வச்சு அதோட அட்ரஸைக் காட்டிக் குடுக்கறவங்க) தாக்குனாங்க, அமெரிக்காவுல ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் சில மணி நேரம் திறக்கவே இல்ல. அதுல யாரோ ஒரு கடைக்காரரோட டிவிஆரும் இருந்திருக்கும், அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

நீங்க செய்ய வேண்டியது சிம்பிள். கேமரா எல்லாம் தனி நெட்வொர்க், பில் போடற கம்ப்யூட்டர், டேலி இருக்கற நெட்வொர்க் தனி. ரவுட்டர்ல போர்ட் தொறந்து விட்டு வெளிய இருந்து பாக்கலாம்னு டீலர் சொன்னா விடாதீங்க, விபிஎன் (பூட்டுப் போட்ட தனி வழி) போடச் சொல்லுங்க. அதைவிட முக்கியம், மாட்ட வர்ற பையன் க்யூஆர் கோடை முதல்ல அவன் போன்ல ஸ்கேன் பண்ணித்தான் செட் பண்ணுவான், அட்மின் அவன் பேர்லயே இருந்துரும். எங்க சொந்தக்காரர் கடைல வேலையை விட்டு நின்ன சூப்பர்வைசர் எட்டு மாசம் கழிச்சும் வீட்ல ஒக்காந்து கடையைப் பாத்துட்டு இருந்தாரு, வேற ஒண்ணும் பண்ணல, யாரு லேட்டா வர்றாங்கன்னு பழைய ஃப்ரெண்ட்ஸுக்கு போன் போட்டு கிண்டல் பண்ணதுலதான் மாட்டுனாரு 😂

அப்பறம் 2025 ஏப்ரல் 9லருந்து எஸ்டிக்யூசிங்கற அரசு சோதனை அமைப்போட லேப்ல பாதுகாப்பு டெஸ்ட் பாஸான மாடலைத்தான் நம்ம நாட்டுல விக்கணும்னு மத்திய அரசு ரூல் இருக்கு. டீலர்கிட்ட மாடல் நம்பரைச் சொல்லி சர்டிஃபிகேட் கேளுங்க. இழுத்தாருன்னா பழைய ஸ்டாக்கை உங்க தலைல கட்டப் பாக்கறாருன்னு அர்த்தம். என்விஆர் டைமையும் என்டிபில (நெட்வொர்க் வழியா நேரத்தைத் தானா சரி பண்றது) செட் பண்ணிருங்க, ஏழு நிமிசம் முன்ன பின்ன ஓடுச்சுன்னா டிசில இருக்கற நேரமும் வீடியோவும் ஒத்தே வராது.

பனியன்காரன்_திருப்பூர்
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மளிகைக்கடை அண்ணன் சொன்ன தராசு யோசனை நச்சுனு இருக்குது, நாளைக்கே ஆரம்பிச்சர்றேன். இன்னொண்ணு கேக்கணும், டீலர் சொன்ன அந்த 32ல 14 கேமரா ஸ்டிச்சிங் ஹால்ல மட்டும்ங்க, லைனுக்கு லைன். யாரு எத்தனை நேரம் மெசின்ல இல்லாம இருக்காங்கன்னு ஏஐயே ரிப்போர்ட் குடுத்துருமாம், மைக்கும் இருக்குதாம். ப்ரொடக்‌ஷன் ஏறும்னு சொல்றாரு. அது ஒர்த்தா?

ஹெச்ஆர்_அக்கா
தம்பி, அதை மட்டும் போடாதீங்க. நானும் கார்மென்ட்ஸ்லதான் ஹெச்ஆர் பாக்கறேன். பாத்ரூம் போயிட்டு வர்ற நேரத்தை மெசின் எண்ணுதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே நல்ல டெய்லருக முதல்ல கெளம்புவாங்க, ரெண்டு தெரு தள்ளி கம்பெனி இருக்கு, அவங்களுக்கு என்ன. ஆள் கெடைக்காம அலையறது நீங்கதான். லைன்ல எங்க வேலை தேங்குதுன்னு பாக்கணும்னா ஹாலோட ரெண்டு மூலைல ரெண்டு கேமரா போதும், எந்த டேபிள்ல பண்டல் மலையாட்டம் குவிஞ்சிருக்குன்னு பாத்தாலே தெரியும். மைக்கை கட்டாயம் ஆஃப் பண்ணுங்க. டாய்லெட், டிரஸ் மாத்தற எடம், கொழந்தைக இருக்கற ரூம், அந்தப் பக்கமே கேமரா திரும்பக்கூடாது. வாசல்ல தமிழ்லயும் இந்திலயும் போர்டு வைங்க, உங்க கம்பெனில பாதி பேரு வடக்க இருந்து வந்தவங்களா இருப்பாங்க. தனிநபர் தரவுக்கு 2023லயே சட்டம் வந்தாச்சு, எதுக்காகப் பதிவு பண்றோம்னு சொல்ற பழக்கத்தை இப்பவே ஆரம்பிச்சுட்டா நல்லது.

இன்னொரு விசயம் யாரும் யோசிக்க மாட்டாங்க. பாலியல் தொல்லை புகார் குடுக்க சட்டத்துல மூணு மாசம் டைம் இருக்கு. ஒரு பொண்ணு தைரியம் வந்து ரெண்டு மாசம் கழிச்சு வந்து சொல்றப்ப ரெக்கார்டிங் முப்பது நாள்ல அழிஞ்சுபோச்சுன்னா யாருக்கு லாபம்? படிக்கட்டு, காரிடார் கேமராவை 90 நாள் வைக்க முடியுமான்னு பாருங்க.

ஈரோடு_கேமராக்காரன்
அக்கா சொன்னது சரி, முடியும். கணக்கு இதுதான்: 4 எம்பிபிஎஸ்ல (செகண்டுக்கு 4 மெகாபிட்) ஓடற ஒரு கேமரா ஒரு நாளைக்கு 43 ஜிபி திங்கும், 2 எம்பிபிஎஸ்னா 21.6. பேக்கிங் டேபிளுக்கு மேல நேரா கீழ பாக்கற மாதிரி ரெண்டு கேமரா, 4 எம்பிபிஎஸ், வேலை நடக்கற 12 மணி நேரம் மட்டும் ரெக்கார்டிங், 90 நாளைக்கு ரெண்டுக்கும் சேத்து 3.9 டிபி. படிக்கட்டு ரெண்டு, காரிடார் ரெண்டு, ஆக நாலு கேமரா 2 எம்பிபிஎஸ்ல 90 நாளைக்கு கிட்டத்தட்ட 7.8 டிபி. மீதி எட்டுக்கு 30 நாள் போதும், அது 5.2 டிபி. மொத்தம் 17 டிபிக்கு பக்கம், 10 டிபி டிஸ்க் ரெண்டு, சர்வெய்லன்ஸ் டிஸ்க்கா வாங்குங்க, கம்ப்யூட்டர்ல போடற சாதா டிஸ்க் ராத்திரி பகலா எழுதிட்டே இருந்தா தாங்காது. கேமராவுக்குத் தனித்தனியா நாள் செட் பண்ற வசதி இருக்கற என்விஆரா கேட்டு வாங்குங்க. ஆக 14 கேமரா. 32 எல்லாம் டீலரோட ஆசை.

பேக்கிங்ல பீஸ் போட்டு முடிச்சதும் கார்ட்டன் நம்பர் ஸ்டிக்கரை ரெண்டு செகண்ட் கேமராவுக்கு காட்டிட்டு டேப் ஒட்டச் சொல்லுங்க. பேக்கிங் லிஸ்ட்ல நேரத்துக்கும் தனியா ஒரு கட்டம் போட்டு எழுதுங்க. இல்லைன்னா 90 நாள் வீடியோவுல ஒரு கார்ட்டனைத் தேடறதுக்குள்ள அடுத்த சீசன் வந்துரும்.

கறுப்புக்கோட்டு
ஒரே ஒரு விசயம். கோர்ட்டு வரைக்கும் போற விவகாரமா இருந்தா திரையை போன்ல வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பற வேலை வேண்டாம். 2024 ஜூலை 1லருந்து புது சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவுல சர்டிஃபிகேட் கேக்கறாங்க, ரெண்டு பாகம், ஒண்ணு நீங்க குடுக்கணும், இன்னொண்ணு எக்ஸ்பர்ட் குடுக்கணும், ஃபைலோட ஹாஷ் வேல்யூவும் (ஃபைலை யாரும் மாத்தலன்னு காட்டற கோடு) அதுல இருக்கணும். அதனால சம்பவம் நடந்ததும் என்விஆர்லருந்து ஒரிஜினல் ஃபைலாவே எக்ஸ்போர்ட் பண்ணி ரெண்டு காப்பி எடுத்து வச்சிருங்க. பையர்கிட்ட டெபிட் நோட் பேசறதுக்கு இவ்ளோ தேவையில்ல.

பனியன்காரன்_திருப்பூர்
பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க, ஷிப்மென்ட் டென்ஷன். கேமரா இன்னும் வாங்கல, ஆனா தராசை வாசலுக்கு கொண்டுவந்து, லைட்டை போட்டுட்டு, பழைய கேமராவையே கீழ எறக்கி வச்சுப் பாத்தேன். மூணாவது லோடுலயே தெரிஞ்சுபோச்சுங்க, வண்டில வர்றப்பவே 37க்கு 36தான் இருக்குது. காம்பாக்டிங் ஆளுகளுக்கு போட்டோவோட அனுப்புனேன், அங்க ஏத்தறப்ப எண்ணற பையன் புதுசாம், சரி பண்ணிக்கறோம்னு சொல்லியிருக்காங்க. வாட்ச்மேன் அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன், அவரு ஒண்ணும் பேசல, டீ வாங்கிட்டு வந்து குடுத்தாரு.

டீலர்கிட்ட 14 கேமராவுக்கு புது கொட்டேஷன் கேட்டிருக்கேன், மாடல் நம்பர் சர்டிஃபிகேட்டோட. சர்டிஃபிகேட்னு சொன்னதும் ரெண்டு நாளா போனை எடுக்க மாட்டேங்கறாரு. ஈரோட்டுக்காரரே, நீங்க திருப்பூருக்கு வருவீங்களா?

ஈரோடு_கேமராக்காரன்
வர்றேன், ஞாயித்துக்கெழமை மெசின் ஓடாதப்ப. ஏணி மட்டும் நல்லதா ஒண்ணு எடுத்து வைங்க.