1943-இல் நடக்கும் காதல் நகைச்சுவை நாடகம்: ஆள்மாறாட்டத்தை நம்ப வைப்பது எப்படி?

கேள்வி: பூச்சந்தை வாசகன்

எங்கள் ஊர் நூலக ஆண்டுவிழாவுக்காக ஒன்றேகால் மணி நேர நாடகம் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். இடம் நாகர்கோவிலை அடுத்த தோவாளை, காலம் 1943. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஆச்சிக்கு ஒரே பேரன். அவன் பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூரில் இருக்கிறான். ஆச்சி சொல்லச் சொல்ல அவனுக்குக் கடிதம் எழுதுபவள், அவன் போன பிறகு பூதப்பாண்டியிலிருந்து பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பூக்கட்டும் பெண். பேரனுக்கும் எழுத்து வராது என்பதால், அந்தப் பக்கம் கடிதம் எழுதுபவன் அவனுடைய மதுரைக்காரத் தோழன். நாளடைவில், சொன்னவர்கள் சொல்லாத வரிகளை எழுதுகிறவர்கள் இருவரும் சேர்த்துக்கொள்ளத் தொடங்குகிறார்கள். தோழனுக்கு விடுப்புக் கிடைத்துத் தோவாளைக்கு வருகிறான். பார்வை மங்கிய ஆச்சி அவனையே பேரன் என்று கட்டிக்கொள்கிறாள். மறுத்துச் சொல்ல மனம் வராமல் மூன்று நாள் அவன் பேரனாகவே இருந்துவிடுகிறான்.

நண்பர்கள் சிலருக்குப் படித்துக் காட்டினேன். கடிதக் காட்சிகளில் விழுந்து விழுந்து சிரித்தவர்கள், அவன் ஊருக்கு வந்த பிறகு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பெற்று வளர்த்தவளைப் போல இருந்தவளுக்குத் தன் பேரனைத் தெரியாதா என்று ஒருவர் கேட்டார். அது ஒன்றுதான் குறையா, அல்லது கேடில்லாத பொய் என்று நான் நினைத்தது கேடுள்ள பொய்யாகிவிட்டதா என்று எனக்கு விளங்கவில்லை. ‘ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்’ என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

மறுமொழி: பழைய தபால்பை

ஐயா, சிரிப்பு நின்ற இடம் ஆச்சியின் கண் அல்ல, சிங்கப்பூர். அந்த நகரம் 1942 பிப்ரவரி 15 அன்று ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அங்கிருந்த இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரம் பேர் போர்க்கைதிகளானார்கள். 1943-இல் அங்கிருந்து விடுப்பில் ஒருவன் தோவாளைக்கு வந்து இறங்குவது நடக்கிற காரியம் இல்லை. கடிதப் போக்குவரத்தும் அப்படியே. தேதி தெரியாத பார்வையாளருக்கும் வேறொன்று உறுத்தும். பேரன் உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாத நிலையில் இன்னொருவன் அவனுடைய பாயில் படுத்து, அவனுடைய கிண்ணத்தில் கஞ்சி குடித்தால், அதைப் பார்ப்பவர் இல்லாதவனைத்தான் நினைப்பாரே தவிர இருப்பவனைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்.

ஆகவே பேரனை வட ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே இந்தியப் படைகள் போரிட்டன. 1943 மே மாதத்தில் துனீசியாவில் அந்தப் போர்முனை முடிவுக்கு வந்தது. பேரனுக்குக் கால் எலும்பு முறிந்து, எகிப்தில் ஒரு ராணுவ மருத்துவமனையில் படுத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரனோடு சீட்டு விளையாடுவதை முதல் காட்சியிலேயே காட்டிவிட்டால், பார்ப்பவர்களுக்குக் கவலை தீர்ந்துவிடும். “காலைப் பற்றி மட்டும் ஆச்சியிடம் வாய் திறந்துவிடாதே” என்று தோழனிடம் கேட்டுக்கொள்பவனும் அவனாகவே இருக்கட்டும். பொய்க்கு உரியவனே அனுமதி கொடுத்த பின்பு, அது எத்தனை பெரிதாக வளர்ந்தாலும் வேடிக்கைதான்.

கடிதங்களில் ஊர்ப்பெயர் வராது. களத் தபால் நிலையத்தின் எண் மட்டுமே இருக்கும். இடத்தைக் காட்டிக்கொடுக்கும் வரிகளைத் தணிக்கை அதிகாரி மை பூசி மறைத்துவிடுவார். காதல் வரியை எழுதி அதன்மேல் இவனே மை பூசி, தணிக்கையின் தலையில் போட்டுவிடுவதாக ஒரு காட்சி வைக்கலாம். இன்னொன்று: அன்று நம் ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. இன்று தபாலுக்கே அஞ்சல் என்று சொல்கிறோம். அன்று ‘அஞ்சல்’ என்றால் சமஸ்தானத்தின் தனித் தபால். அது 1951-இல்தான் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. பட்டாளத்துக் கடிதம் பிரிட்டிஷ் இந்தியத் தபாலில் வரும். மணி கட்டிய கோலோடு ஓடிவரும் அஞ்சலோட்டக்காரர் கையில் அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

மறுமொழி: கோட்டாறு மேடை

தபால்பை ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆச்சியின் மங்கிய பார்வை மட்டும் மூன்று நாளைத் தாங்காது. ஊரில் மற்றவர்களுக்குக் கண் நன்றாகத்தானே இருக்கிறது? தவறு ஆச்சியிடம் தொடங்கக் கூடாது, வழியிலேயே தொடங்கி, அவன் வீட்டு வாசலுக்கு வருமுன்பே ஊர்ச் செய்தியாகிவிட வேண்டும்.

நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-இல்தான் என்பதால், மதுரைக்காரன் திருநெல்வேலியில் இறங்கிப் பேருந்து பிடித்தாக வேண்டும். போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு. பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. என் பாட்டா சொல்லக் கேட்டிருக்கிறேன்: வண்டியின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு கொப்பரை நிற்கும், அதில் அடுப்புக்கரியைக் கொட்டித் தீ மூட்டி, கிளீனர் துருத்திக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தால் அரைமணி கழித்து வண்டி செருமும், மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். பின்னால் நின்று தள்ளுகிறவன் கதி என்ன? ஊர் வந்து சேரும்போது பல்லும் கண்ணும் மட்டும் வெள்ளையாக இருக்கும். இந்த முகத்தை வைத்துக்கொண்டு யார் யாரை அடையாளம் காண்பது?

அடுத்து ஆரல்வாய்மொழி. சமஸ்தான எல்லை அதுதான். சுங்கச் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். தோழன் கொண்டுவருவது பேரனின் டிரங்குப் பெட்டியாக இருக்கட்டும். மூடியின்மேல் வெள்ளை வண்ணத்தில் பேரனின் பெயர். சோதிக்கும் அதிகாரி அதை உரக்கப் படித்து, “தோவாளை ஆச்சி பேரனா? வா, மக்களே!” என்கிறார், வண்டியில் இருக்கும் பூவியாபாரிகள் ஆளாளுக்கு நலம் விசாரிக்கிறார்கள், இவன் இருமிக்கொண்டே இருப்பதால் மறுக்க முடியவில்லை. அந்தக் கணவாய்க் காற்றில் கரித்தூள் வேறு. கடைசி வரை அவன் வாயால் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, ‘இல்லை’ என்று சொல்லாமல் இருந்தாலே போதும்.

முடிவில், ஆச்சிக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியும் என்று வைத்துவிடுங்கள். கைதட்டல் நிச்சயம்.

மறுமொழி: காந்தாரி மிளகு

கரிவண்டியும் பெட்டியும் அருமை. கடைசி யோசனையை மட்டும் வன்மையாக மறுக்கிறேன். ‘முதலிலிருந்தே தெரியும்’ என்று சொல்லும் கிழவியை மேடையில் எத்தனை முறை பார்த்தாயிற்று! அப்படிச் செய்தால் மூன்று நாள் ஏமாந்தவன் தோழன் ஒருவனே என்றாகி, நடந்ததெல்லாம் கிழவியின் திருவிளையாடலாகிவிடும். கண்டுபிடிக்க வேண்டியவள் அந்தப் பெண். அதுவும் மெல்ல மெல்ல, நம் மண்ணைச் சேர்ந்த சின்னச் சின்னப் பொருள்களை வைத்து.

ரங்கூன் 1942 மார்ச்சில் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றுபோய், திருவிதாங்கூர் முழுவதும் மரச்சீனியை (மற்ற ஊர்களில் மரவள்ளிக்கிழங்கு) நம்பி வாழ்ந்த காலம் அது. நாஞ்சில் நாட்டில் வயல் இருந்தும் விருந்தாளிக்குச் சோறு போடக் கணக்குப் பார்த்த காலம். ஆச்சி அவித்த மரச்சீனியும் துவையலும் வைக்கிறாள். அவன் “மரவள்ளிக்கிழங்கு பிரமாதம்” என்கிறான். பெண் தலையை நிமிர்த்துகிறாள். பட்டாளத்தில் பழகிய சொல்லாக இருக்கலாம் என்று விட்டுவிடுகிறாள். மறுநாள் அவன் அவளிடம் பிச்சிப்பூ வாங்க வருகிறான். அவள் நான்கு சக்கரம் (அன்றைய திருவிதாங்கூர் நாணயம்) என்கிறாள். இங்கே பிறந்தவன் நான்கு சக்கரத்தை எண்ணி வைத்துவிட்டுப் போவான். இவனோ ரூபாய்க்குப் பதினாறு அணாவில் வளர்ந்தவன். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம் என்பதை விரல்விட்டு வகுக்கப் பார்த்து, அரைச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு முழு ரூபாயை நீட்டுகிறான். அவள் மீதியைத் தராமல், “கணக்கை எழுதிக் காட்டுங்கள்” என்று பூ பொதிகிற காகிதத்தையும் பென்சிலையும் தள்ளுகிறாள். அவன் எழுதுகிறான். அந்தக் கையெழுத்து அவளுக்கு மூன்று வருடப் பழக்கம்.

அதற்குமேல் அவளும் பொய் சொல்லத் தொடங்கலாம். ஆச்சியிடம் சொல்லாமல் அவனை அவளே காப்பாற்றட்டும். காதல் அங்கேதான் இருக்கிறது.

ஒரு சிறு எச்சரிக்கை: நாடகத்தை 1944 இறுதிக்குத் தள்ளிவிடாதீர்கள். ஒழுகினசேரி தந்த கலைவாணர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதான சமயம் அது. நம் ஊர் டீக்கடையில் யாரும் வேறு எதையும் பேசியிருக்க மாட்டார்கள்.

மறுமொழி: பூச்சந்தை வாசகன்

மூவருக்கும் நன்றி. சிங்கப்பூரை எடுத்துவிட்டேன், பேரனுக்குக் காலை ஒடித்துவிட்டேன். சாவடிக் காட்சியை நேற்றிரவு எழுதி, அதே நண்பர்களுக்குப் படித்துக் காட்டியதில், ஆரல்வாய்மொழிக்காரர் ஒருவர் எழுந்து நின்று தானே அந்த அதிகாரியாக நடிப்பதாக அறிவித்திருக்கிறார். ஆச்சிக்குக் கடைசியில் எப்படித் தெரிகிறது என்பதை மட்டும் மாற்றியிருக்கிறேன்: பேரனின் உண்மையான கடிதம் வருகிறது, அதை ஆச்சிக்குப் படித்துக் காட்ட வேண்டியவள் அந்தப் பெண், எதிரே உட்கார்ந்திருப்பவன் ‘பேரன்’. அவள் என்ன படிக்கிறாள் என்பதை இனிமேல்தான் எழுத வேண்டும்.

இப்போது குறைவது ஒரு பழைய டிரங்குப் பெட்டி. நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் யாருடைய பரணிலாவது இருந்தால் ஒரு வாரத்துக்கு இரவல் தாருங்கள். மூடியில் எழுதும் பெயரை மண்ணெண்ணெய் தொட்டு நானே துடைத்துத் தருகிறேன்.