ஸ்காபரோ பேஸ்மென்றுக்கு எந்த ஏர் பில்ரர்?

வணக்கம் அக்காமார், அண்ணாமார். வவுனியாவில இருந்து டிசம்பரில வந்தனாங்கள், ரொறன்ரோ ஸ்காபரோவில ஒரு பேஸ்மென்றில (நிலத்துக்குக் கீழ உள்ள தளம்) வாடகைக்கு இருக்கிறம். மகனுக்கு ஆறு வயது, தொய்வு (ஆஸ்துமா) இருக்கு. வந்த நாள் தொட்டு இருமல். போன கிழமை ஒருத்தர் கதவைத் தட்டி, உங்கட வீட்டுக் காற்று சரியில்லை, மெஷின் பூட்டவேணும், காசை மாதம் மாதம் கட்டலாம் எண்டு சொல்லி கார்ட் தந்திட்டுப் போனார். கடையில பார்த்தா அம்பது டொலரில இருந்து ஆயிரம் டொலர் வரைக்கும் கிடக்கு. எதை வாங்கிறது?

---

தங்கச்சி, முதல் அந்தக் கார்டைக் கிழிச்சு எறியுங்கோ. நீங்கள் கூப்பிடாமல் வீட்டுவாசலுக்கு வந்து ஏர் பியூரிஃபயர் (காற்றைச் சுத்தமாக்கிற மெஷின்), ஃபேர்னஸ் (வீட்டைச் சூடாக்கிற மெஷின்), தண்ணி பில்ரர், டக்ட் கிளீனிங் (காற்றுக் குழாய் துப்பரவாக்கிறது) இதுகளுக்கு ஒப்பந்தம் எழுதுறது ஒன்ராறியோவில 2018 மார்ச்சில இருந்து தடை. திரும்ப வந்தா கதவைத் திறக்காதேங்கோ. மகனை டொக்டரிட்டக் காட்டுங்கோ, பம்ப் (இன்ஹேலர்) பாவிக்கிற முறை சரியோ எண்டும் கேளுங்கோ. பில்ரர் மருந்து இல்லை.

இனி காற்று. ரொறன்ரோவில கூடுதலான நாள் வெளிக்காற்று நல்லாத்தான் இருக்கும். நிலக்கரியில மின்சாரம் எடுக்கிறதை மாகாணம் 2014இல முற்றா நிப்பாட்டிப்போட்டுது. இப்ப எங்களுக்கு வாற தலையிடி கோடையில காட்டுத்தீப் புகை. 2023 ஜூன் கடைசியில ஒரு நாள், உலகத்திலேயே மோசமான காற்றுள்ள நகரங்களின்ர பட்டியலில ரொறன்ரோவும் முன்னுக்கு நிண்டது. யன்னலுக்கு வெளிய சாம்பல் நிறம், உடுப்பில அடுப்படி மணம்.

இதில புதிசா வாற ஆக்கள் எல்லாரும் இடறுப்படுற இடம் ஒண்டு இருக்கு. காற்றால உடம்புக்கு எவ்வளவு ஆபத்து எண்டு கனடா அரசாங்கம் சொல்லுற கணக்கு ஏ.கியூ.எச்.ஐ. அது 1இல தொடங்கி 10 வரைக்கும் போகும், அதுக்கு மேல 10+. உங்கட ஃபோனில இருக்கிற ஆப் கனக்கக் காட்டுறது அமெரிக்கக் கணக்கு, அது 500 மட்டும் போகும். ஆப்பில 7 எண்டா சொர்க்கம். ஏ.கியூ.எச்.ஐ. 7 எண்டா ஆபத்து கூடின நாள். என்ர மச்சாள் சென்னையில கொஞ்சக் காலம் இருந்துபோட்டு வந்தவ. இங்க வானொலியில "எட்டு" எண்டு சொன்னதைக் கேட்டு, நூற்றைம்பதையே பார்த்த எங்களுக்கு எட்டு என்ன பெரிய எட்டு எண்டு எல்லா யன்னலையும் திறந்து விட்டவ. பின்னேரம் வீடு முழுக்க இருமல். தொய்வுக்காரப் பிள்ளைக்கு 4க்கு வந்தாலே ஓடி விளையாடுறதைக் குறைக்கிறது நல்லது.

ஆனா நீங்கள் வந்தது டிசம்பரில, அப்ப காட்டுத்தீ இல்லை. அதனால என்ர சந்தேகம் வெளிக்காற்றில இல்லை, உங்கட குசினியில. கோவிக்காதேங்கோ. நாங்கள் செத்தல் மிளகாய் வறுக்கிற ஆக்கள், கடுகு வெடிக்க வெடிக்கத் தாளிக்கிற ஆக்கள். ஊரில குசினி தனிய இருக்கும், புகை கூரையால போயிடும். இங்க பேஸ்மென்றில சின்னன் சின்னனா ரெண்டு யன்னல், அதுவும் பனிக்காலம் முழுக்கப் பூட்டு. அடுப்புக்கு மேல இருக்கிற ஃபேனைப் போட்டு, முன்பக்கத்தில கையை வைச்சுப் பாருங்கோ. காற்று கையில அடிச்சா அது புகையை வெளிய விடுறதில்லை, எண்ணெயைக் கொஞ்சம் வடிச்சுப்போட்டு மிச்சத்தை உங்களிட்டையே திருப்பித் தருது. மைக்ரோவேவோட சேர்ந்து வாற ஃபேனுகள் கனக்க இந்த வகைதான். அப்பிடியெண்டா சமைக்கேக்க யன்னலை ஒரு விரல்கிடை திறந்து, பாத்ரூம் ஃபேனையும் போட்டு விடுங்கோ. வெளிய விடுற ஃபேன் எண்டா பின் அடுப்பில சமையுங்கோ, புகை நல்லா இழுபடும். தூளை மட்டும் வீட்டில வறுக்காதேங்கோ. ஸ்காபரோவில வறுத்து அரைச்ச யாழ்ப்பாணத் தூளுக்கோ பஞ்சம்?

இரண்டாவது ஃபேர்னஸ் பில்ரர். வீடு முழுக்க ஓடுற காற்று இதுக்குள்ளாலதான் போகுது, எண்டாலும் ஆக்கள் இதை மறந்துபோட்டு ஆயிரம் டொலர் மெஷினைத் தேடுவினம். பில்ரரில மேர்வ் எண்டொரு இலக்கம் இருக்கும், அது கூடக் கூடச் சின்னத் துணிக்கையளையும் பிடிக்கும். மேர்வ் 8 கண்ணுக்குத் தெரியிற தூசு, நார், நாய் மயிர் பிடிக்கும். புகையின்ர துணிக்கையள் ஒரு மைக்ரோனுக்கும் (மில்லிமீற்றரில ஆயிரத்தில ஒரு பங்கு) சின்னன், அதுகள் பெரும்பாலும் நழுவிப் போயிடும். மேர்வ் 13 எண்டா 0.3 மைக்ரோனில இருந்து 1 மைக்ரோன் வரைக்கும் உள்ளதில பாதியையாவது பிடிக்கவேணும் எண்டது விதி, அதைவிடப் பெரிசுகளை இன்னும் கூடப் பிடிக்கும். சில கடையளும் கொம்பனியளும் மேர்வை விட்டிட்டுத் தங்கட சொந்த இலக்கத்தைப் பெரிசா அடிச்சிருக்கும். பெட்டியைத் திருப்பி மேர்வைத் தேடுங்கோ.

எல்லா ஃபேர்னஸும் 13ஐத் தாங்காது. ஒரு அங்குலத் தடிப்புள்ள அடர்த்தியான பில்ரர் காற்றை மறிக்கும். நான் பட்ட பாட்டைச் சொல்லுறன். முதல் வீட்டில ஆசைப்பட்டு 13 போட்டன், போட்டதோட மறந்தும் போனன். ஜூலையில ஏசிக்குள்ள ஐஸ் கட்டி, குளிரே வரேல்லை. திருத்த வந்தவர் பில்ரரை வெளிய எடுத்தார், கம்பளி மாதிரி இருந்துது. அதுக்கும் மேல, அம்புக்குறியைப் பார்க்காமல் மறுபக்கமாப் பூட்டியிருக்கிறன். அம்பு ஃபேர்னஸின்ர ஃபேன் பக்கம் பார்க்கவேணும். ஒரு அங்குலப் பில்ரரை மூண்டு மாதத்துக்கு ஒருக்கா மாத்துங்கோ, புகைக் காலத்தில மாதத்துக்கு ஒருக்கா பாருங்கோ. அளவு பழைய பில்ரரின்ர விளிம்பில இருக்கும், 16x25x1 மாதிரி. தேர்மோஸ்ராற்றில (சூடு குளிரைக் கூட்டிக் குறைக்கிற சுவிச்) ஃபேனை "ஓட்டோ"வில விட்டா சூடாக்கேக்கையோ குளிராக்கேக்கையோ மட்டும்தான் காற்று வடிபடும். புகை நாளில "ஓன்"இல போடுங்கோ.

மூண்டாவதாத்தான் மெஷின், அதுவும் மகன் படுக்கிற அறைக்கு ஒண்டு காணும். ஹெப்பா பில்ரர் (மிகச் சின்னத் துணிக்கையளையும் பிடிக்கிறது) உள்ளதா, ஓசோனோ அயனோ விடாததா எடுங்கோ. தொய்வுக்கு ஓசோன் கூடாது. பெட்டியில சி.ஏ.டி.ஆர். (எவ்வளவு வேகமாச் சுத்தமான காற்றைத் தரும் எண்ட அளவு) எண்டு பார்த்து, புகைக்கான இலக்கத்தை எடுங்கோ. அறையின்ர சதுர அடியில மூண்டில ரெண்டு பங்கு இருந்தா சாதாரண நாளுக்குக் காணும், காட்டுத்தீப் புகைக்குச் சதுர அடி அளவே வேணும். 10க்கு 12 அறை எண்டா 120. காசு கஷ்டமெண்டா 20 அங்குலப் பெட்டி ஃபேனில நாலு மேர்வ் 13 பில்ரரை டேப்பால ஒட்டிச் செய்யலாம். கோர்சி-ரோசன்தால் பெட்டி எண்டு தேடினா செய்முறை வரும். பார்க்க வடிவில்லை, ஆனா வேலை செய்யும்.

---

நன்றி அக்கா. கையை வைச்சுப் பார்த்தன், காற்று முகத்திலையே அடிக்குது! ஃபேர்னஸ் எங்கட பக்கத்து அறையிலதான் இருக்கு, வீட்டுக்கார ஐயா மேல இருக்கிறார். நான் மாத்தலாமோ? இன்னொண்டு: சிநேகிதி ஒரு பியூரிஃபயர் தந்தவ, இரவில அது சிவப்பு லைட் காட்டுது. ஹியுமிடிஃபயரும் (காற்றை ஈரமாக்கிற மெஷின்) போட்டிருக்கிறன்.

---

ஹியுமிடிஃபயர்தான் காரணமா இருக்கும். பனிமூட்டம் மாதிரி வெள்ளையா ஆவி விடுறதோ? அந்த வகைக்குக் குழாய்த்தண்ணி விட்டா தண்ணியில உள்ள உப்புகள் தூசாப் பறக்கும், சென்சர் அதைப் புகை எண்டு நினைக்கும். காய்ச்சி வடிச்ச தண்ணி (டிஸ்டில்ட் வோட்டர்) விடுங்கோ, கிழமைக்கு ரெண்டு தரமாவது கழுவுங்கோ. பனிக்காலத்தில வறண்ட காற்றே இருமலைக் கொண்டுவரும், அதால ஈரப்பதன் வேணும்தான். ஒரு சின்ன மீற்றர் வாங்கி 30க்கும் 50க்கும் இடையில வைச்சிருங்கோ. கூடினாப் பேஸ்மென்றில பூஞ்சணம் பிடிக்கும்.

ஃபேர்னஸ் ஐயாவின்ர சொத்து, கேக்காமல் தொடாதேங்கோ. "ஐயா, பில்ரரை நான் வாங்கித் தாறன், இந்த ஃபேர்னஸுக்கு எந்த மேர்வ் வரைக்கும் போடலாம் எண்டு மட்டும் பார்த்துச் சொல்லுங்கோ" எண்டு கேளுங்கோ. பெரும்பாலும் ஓம் எண்டுவார், அவரும் அதே காற்றைத்தானே சுவாசிக்கிறார். அவர் எட்டோ பதினொண்டோ எண்டா அதையே போட்டு, அறையில மெஷினை ஓடவிடுங்கோ.

அப்பிடியே ரேடன் சோதிச்சவரோ எண்டும் கேளுங்கோ. அது நிலத்துக்குக் கீழயிருந்து வாற கதிரியக்க வாயு, பேஸ்மென்றில கூட இருக்கும், எந்தப் பில்ரரும் பிடிக்காது. மூண்டு மாதம் வைக்கிற சோதனைக் கருவி இருக்கு. கன மீற்றருக்கு 200 பெக்கரலுக்கு (கதிரியக்கத்தை அளக்கிற அலகு) மேல எண்டா திருத்தச் சொல்லுது ஹெல்த் கனடா, அது வீட்டுக்காரர் செய்யவேண்டிய வேலை. அடுத்த பனிக்காலம் யன்னல் பூட்டின உடன வைச்சாச் சரி.