ஆர்ஓ வாட்டர் பியூரிஃபையரில் புது மெம்பிரேன் போட்டும் டிடிஎஸ் இறங்கவில்லை, எங்கே பார்க்கலாம்?

ஆர்ஓ தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். உள்ளே வரும் தண்ணீர் 900 டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு). 75 ஜிபிடி (நாளுக்கு 75 கேலன்) மெம்பிரேன், அதாவது உப்பை வடிகட்டும் சவ்வு, புதிதாகப் போட்டு, முதல் இரண்டு டேங்க் தண்ணீரைக் கொட்டியாகிவிட்டது. இப்போதும் வெளியே வருவது 280. நல்ல மெம்பிரேன் என்றால் 90-க்குக் கீழே வந்திருக்க வேண்டும்.

வடிகட்டிய தண்ணீரில் கொஞ்சம் உப்புத்தண்ணீரைக் கலந்துவிடும் டிடிஎஸ் கன்ட்ரோலர் மேல் பழி போட வழியில்லை. அளந்தது அதற்கு முன்னாலேயே, மெம்பிரேன் உட்காரும் ஹவுசிங்கிலிருந்து வரும் டியூபைக் கழற்றி, இருபது நிமிடம் ஓடவிட்ட பிறகு. (நின்றிருந்த மெஷினில் முதல் கிளாஸ் எப்போதும் அதிகமாகத்தான் காட்டும்.)

குழப்பம் இங்கேதான்: நல்ல தண்ணீர் நிமிடத்துக்கு 320 மில்லி வருகிறது. இந்த அளவு மெம்பிரேனுக்கு 60 பிஎஸ்ஐ அழுத்தத்தில் சுமார் 200 மில்லிதான் கணக்கு. பம்ப் பலவீனம் என்றால் அளவும் குறைந்திருக்கும். டிடிஎஸ்ஸும் ஏறி, அளவும் ஏறினால் உப்புத்தண்ணீர் எங்கோ குறுக்கே புகுகிறது என்றுதான் தோன்றுகிறது.

மெம்பிரேன் மூக்கில் (நல்ல தண்ணீர் வெளிவரும் முனை) இருக்கும் இரண்டு சின்ன ஓ-ரிங்கில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒன்று மாட்டும்போது மடங்கியிருக்குமா, இல்லை ஹவுசிங்கில் அது உட்காரும் குழியே தேய்ந்திருக்குமா? இன்னொரு மெம்பிரேன் வாங்காமல் இதைப் பிரித்துக் கண்டுபிடிப்பது எப்படி? ஓ-ரிங்கில் தண்ணீர் தடவினால் போதுமா, சிலிகான் கிரீஸ்தான் வேண்டுமா?