ஒயிட்ஸ்பேஸ்: ‘வெற்றிடம்’ வேண்டாம், ‘இடைவெளியுரு’ எனலாமா?

வணக்கம்.

இணையப் படிவங்களைத் தமிழாக்கும்போது ஒயிட்ஸ்பேஸை (ஸ்பேஸ், டேப், வரிமுறிவு போன்ற வெறும் இடமாகத் தெரியும் உருக்களை) ‘வெற்றிடம்’ என்று எழுதுவதை விட்டுவிடலாம். பெயர்க் கட்டத்தில் ஸ்பேஸ் பாரை ஒரே ஒரு தடவை தட்டி அனுப்பிப் பாருங்கள். கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று சொல்லும் ‘ரிக்வயர்டு’ போட்டிருந்தாலும் உலாவி தடுக்காது. அதன் கணக்கில் அங்கே ஓர் உரு (கேரக்டர்) இருக்கிறது, கட்டம் காலியில்லை. காலிக் கட்டத்துக்கும் இதற்கும் ஒரே சொல் இருந்தால் சோதனைக் குறிப்பே தவறாகிவிடும்.

‘இடைவெளி’ என்பது ஸ்பேஸ் பார் தரும் உருவுக்கு (யூனிகோடு எண் 32) நிலைத்துவிட்டது. நமக்கு வேண்டியது டேப் (9), வரிமுறிவு (10, 13), சொற்செயலியிலிருந்து ஒட்டும்போது கூடவே வரும், அந்த இடத்தில் வரியை உடையவிடாத பிரியா இடைவெளி (160) எல்லாவற்றையும் அடக்கும் இனப்பெயர். கேரக்டருக்கு வரியுரு என்ற சொல் இருப்பதால் ‘இடைவெளியுரு’ இயல்பாகப் பொருந்துகிறது.

இரு ஓரத்திலும் உள்ள இடைவெளியுருக்களை மட்டும் எடுக்கும் ட்ரிம்முக்கு ‘ஓரநீக்கம்’. நடுவிலிருப்பதையும் எடுப்பது ‘முழுநீக்கம்’. இரண்டும் வேண்டும். ஆதார் எண்ணை அட்டையில் உள்ளபடி நான்கு நான்காகப் பிரித்துத்தான் மக்கள் அடிப்பார்கள். மொத்தம் 14 உரு. கட்டத்தின் எல்லை 12 என்றால் கடைசி இரண்டு இலக்கம் உள்ளேயே வராது. எல்லையை 14 ஆக்கி, வாங்கிய பிறகு முழுநீக்கம் செய்து, அப்புறம் 12 இலக்கமா என்று பார்க்க வேண்டும்.

மறுமொழி:

இடைவெளியுருவுக்கு என் ஆதரவு. ஆனால் எல்லை கீற வேண்டும். அகலமே இல்லாத 8203இன் (ஜீரோ விட்த் ஸ்பேஸ்) பெயரில் ‘ஸ்பேஸ்’ இருந்தாலும் யூனிகோடு அதை இந்த இனத்தில் சேர்க்கவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் ட்ரிம்மும் பைத்தானில் அதே வேலையைச் செய்யும் ஸ்ட்ரிப்பும் 160ஐ நீக்கும், 8203ஐ விட்டுவிடும். பிஎச்பியின் பழைய ட்ரிம்மோ 160ஐயே தொடாது. ஒட்டிய மின்னஞ்சல் முகவரி கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும் ‘கணக்கு இல்லை’ என்று வருவது இப்படி நீங்காமல் தங்கிய உருவினாலும் இருக்கலாம்.

8203, எழுத்துகளை ஒட்டவிடாத 8204, ஒட்டவைக்கும் 8205 ஆகியவற்றுக்கு ‘காணாவுரு’ என்று தனிப்பெயர் வைப்போம். இவற்றை முழுநீக்கம் செய்யவே கூடாது: ‘க்’கும் ‘ஷ’வும் ‘க்ஷ’ என்று ஒட்டிவிடாமல் எழுத 8204 தேவை. அதை எடுத்துவிட்டால் ஒருவரின் பெயர் அவர் எழுதிய வடிவில் இருக்காது. ஓரத்தில் இருந்தால் மட்டும் எடுக்கலாம்.

கடவுச்சொல்லில் எந்த நீக்கமும் வேண்டாம். முகவரி போன்ற பல வரிக் கட்டத்தில் உலாவி ஒரு வரிமுறிவை ஒன்றாக எண்ணும், அனுப்பும்போது 13, 10 என இரண்டாக்கும். 200 உரு எல்லைக்குள் நான்கு வரிமுறிவோடு நிரப்பினால் சேவையகத்துக்கு 204 வந்து சேரும். ஆகவே முதலில் 13, 10 இணையை 10 ஆக்கி, ஓரநீக்கம் முடித்து, அதன்பின் காலியா, நீளம் சரியா என்று பாருங்கள்.

பயனருக்கான பிழைச்செய்தியில் இந்தச் சொற்கள் எதுவும் வேண்டாம். ‘பெயரை எழுதுங்கள்’ போதும். இவை ஆவணத்திலும் நிரல் குறிப்பிலும் இருக்கட்டும்.