ஆறு வாரத்தில் பதினொரு கிலோ

மயிலாப்பூர்வாசி:
போன ஆவணியில் தம்பி கல்யாணம். அதற்குள் இளைத்தே தீருவது என்று ஜூலையில் இறங்கினேன். காலையில் வெந்நீர், மதியம் வெள்ளரிக்காயும் மோரும், ராத்திரி ரெண்டே இட்லி. சாயங்காலம் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஒரு மணி நேர நடை. முதல் வாரமே 4 கிலோ! தலைகால் புரியவில்லை. அதில் பெரும்பங்கு வெறும் தண்ணீர் என்பது பின்னால்தான் தெரிந்தது. சாப்பாடு குறைந்ததும் உடம்பு முதலில் கைவைப்பது சேமித்து வைத்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்தில். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்குமாம்.

6 வாரத்தில் 11 கிலோ. மாம்பலத்தில் வழக்கமாகத் தைக்கும் டெய்லர் அண்ணனிடம் பட்டு ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். வாங்கப் போனபோது, “எதுக்கும் உள்ளே துணி விட்டு வெச்சிருக்கேம்மா” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

கல்யாண ஆல்பத்தில் அழகாகத்தான் இருக்கிறேன், பொய் சொல்வானேன். ஆனால் தீபாவளி எண்ணெய்க் குளியலன்று பாத்ரூமில் தண்ணீர் வடியவே இல்லை. ஜல்லடையை எடுத்துப் பார்த்தால் எலுமிச்சம்பழம் அளவுக்கு முடி உருண்டை. தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “ரெண்டு மூணு மாசம் முன்னாடி பட்டினி கிடந்தீங்களா?” முடி திரும்ப வரும், முதலில் பருப்பும் முட்டையும் ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வேளச்சேரி அண்ணாச்சி:
உங்களுக்கு முடி, எனக்குப் பித்தப்பைக் கல். ஆபீசில் பந்தயம் கட்டி வாரத்துக்கு 2 கிலோ குறைத்தேன். பந்தயத்தில் ஜெயித்த பிரியாணியைச் சாப்பிட்ட ராத்திரி வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி, விடியும்வரை விடவில்லை. கொழுப்பு வேகமாகக் கரையும்போது கல்லீரல் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கொட்டுமாம்; சாப்பாட்டில் எண்ணெயே இல்லாததால் பித்தப்பையும் சுருங்காமல் எல்லாம் அங்கேயே தேங்கிவிடுமாம். வாரத்துக்கு ஒன்றரை கிலோவைத் தாண்டினாலே ஆபத்து கூடும் என்றார் டாக்டர். அரை கிலோ, மிஞ்சிப்போனால் ஒரு கிலோ. பந்தயத்துக்கு முன்னால் யார் இதைக் கேட்டது?

பெரம்பூர் மகள்:
ஒரேயடியாகத் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் டைரக்ட் என்ற ஆய்வு, 2017இல் முடிவு வந்தது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில மாதம் தினமும் 850 கலோரி அளவுக்கு சூப், ஷேக் மட்டும். ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆனால் மாத்திரையை நிறுத்தியது, பழைய சாப்பாட்டுக்குப் படிப்படியாகத் திருப்பியது எல்லாமே கண்காணிப்பில். எங்கள் அப்பா இதைப் படித்துவிட்டுத் தானாகவே ஆரம்பித்தார். மாத்திரையும் போட்டுக்கொண்டு பட்டினியும் கிடந்ததில் சர்க்கரை இறங்கி, ரேஷன் கடை வரிசையில் மயங்கி விழுந்தார்.

மயிலாப்பூர்வாசி:
ஐயோ, அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? என் கதையில் மிச்சம் கொஞ்சம்தான். பொங்கலுக்கு அதே ரவிக்கைகளைத் தூக்கிக்கொண்டு மாம்பலம் போனேன். 7 கிலோ திரும்ப ஏறியிருந்தது. டெய்லர் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. பிளேடை எடுத்து, பக்கத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்.